ஒரு வாய்க்கு இரண்டு பை

“தண்ணி வாங்கப் போறீங்களா, ஊரு பாக்கப் போறீங்களா?”

நெற்றியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள் தவமலர். தலைவலி மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.

“ரெண்டும்தான். அடுத்த வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு,” என்றார் குணாளன். “இனிப்பா, ஐஸ் போட்டு வாங்கியாறேன். நீ உக்காரு.”

“நோன்பு மாசம். பாதிக் கடை மூடியிருக்கும். சீனர் கடையாப் பாத்துப் போங்க. சீக்கிரம் வாங்க.”

மலேசியாவின் கோலா லிப்பிஸ் ஸ்டேஷன் காலியாகக் கிடந்தது. பக்கத்து பெஞ்சில் ஒருவர் மட்டும் முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

குணாளன் ஆற்றைப் பார்த்தார். பழைய கடைவரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். நடந்து போகிறவனைக் கண்டால் அந்த ஊருக்குப் பொறுக்காது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

“எங்க போகணும்? ஏறுங்க.”

“சும்மா நடக்குறேன்.”

பாவம் என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாகத்தான் சீனர் காப்பிக்கடைக்குள் நுழைந்தார்.

“என்னா அண்ணே, குடிக்க என்ன?” என்றாள் கடைக்காரம்மா.

வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். பின்வாசல் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர் ஒருவர். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ரோஸ் சிரப், ஐஸோடு. ஒன்றல்ல, இரண்டு. பெரியவர் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகவே இறங்கிப் போனார்.

“நோன்பு நேரத்துல அவருக்கு எதுக்கும்மா சிரப்பு?”

“கேட்டாரு, கட்டிக் குடுத்தேன். எந்த வயித்துக்குள்ள போவுதுன்னு கூடவே போயா பாக்க முடியும்?”

குணாளனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இறங்கிவிட்டார்.

“அண்ணே, குடிக்க வந்தியா, வேவு பாக்க வந்தியா?” என்ற குரல் பின்னால் கேட்டது.

சந்தில் திரும்பும்போது தானா மேராவிலிருந்து மச்சான் மணிமாறன் போன் செய்தான்.

“மாமா, வண்டி மாறி ஏறியாச்சா?”

“வண்டி கெடக்கட்டும் மச்சான். இங்க ஒரு பெரியவர், தலையில தொப்பி, கக்கத்துல ஐஸ் சிரப்பு. பேப்பர்ல சுத்தி மறைச்சு எடுத்துட்டுப் போறாரு. ஒரு வாய்க்கு ரெண்டு பை.”

“உங்களுக்கு எதுக்கு மாமா அது? போன புரட்டாசி சனிக்கிழமை சிரம்பான்ல கோழிச்சோறு தின்னது யாரு?”

“அதுல கோழி கொஞ்சம்தான். சோறுதான் நெறைய.”

“அக்கா எங்க?”

“இரு, இரு. திரும்பிப் பாக்குறாரு.”

உண்மையிலேயே பார்த்தார். ஒவ்வொரு முக்கிலும் நின்றார், திரும்பினார், பிறகு நடந்தார். குணாளன் தூண் மறைவில் ஒதுங்கினார். கைப்பேசிக் கடையில் உறை விலை கேட்டார். நடுவில் ஒரு லாரி மறித்து இவர் சாலையைக் கடக்கத் தாமதமானபோது, பெரியவர் எதிர்ப்பக்கம் நின்று செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“பயம் மச்சான், பயம். நடையிலேயே தெரியுது.”

ஸ்டேஷன் பக்கம் வந்ததும் பெரியவர் சரக்குக் கொட்டகையைத் தாண்டி மறைந்தார். இங்கேதான் ஒளிந்து குடிக்கப் போகிறார். குணாளன் பூனை மாதிரி கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே இருந்ததும் ஒரு பூனைதான்.

தூரத்தில் வண்டி ஊதியது. அப்போதுதான் தன் கை வெறுங்கை என்பது குணாளனுக்கு நினைவு வந்தது. மாத்திரையோடு தவமலர் உட்கார்ந்திருந்ததும்.

ஓட்டமும் நடையுமாக மேடைக்கு வந்தார். தூரத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

“மலர், கடையெல்லாம் மூடிக் கெடக்குது. வழியில ஒரு ஆளு, நோன்பு வச்சிக்கிட்டு...”

நின்றுவிட்டார்.

தவமலர் வாயில் உறிஞ்சுகுழல். கையில் சிவப்பாக ஒரு பை, பாதி காலி. உள்ளங்கையில் மாத்திரை இல்லை. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

பக்கத்து பெஞ்சில் வெள்ளைத் தொப்பிக்காரர், ஈரமான செய்தித்தாளை முழங்காலில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். உதடு வறண்டு வெடித்திருந்தது.

“பேப்பர்ல சுத்துனா ஐஸ் சீக்கிரம் கரையாதாம்,” என்றாள் தவமலர். “நான் முனகுனதைக் கேட்டு முழிச்சிட்டாரு. புருஷன் எங்கன்னாரு. கட்டம் போட்ட சட்டை, ஊரு பாக்கப் போயிருக்காருன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு.”

பெஞ்சிலிருந்த இன்னொரு பையை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க, உங்களுக்கு.”

“எனக்கா?”

“வெயில்ல சுத்துறவருக்கும் தாகமா இருக்கும்னு ரெண்டா வாங்கிட்டாராம்.”

குணாளன் பையை வாங்கிக்கொண்டார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“என்னைப் பாத்தாராமா?”

“பாக்காம? நீங்க வழி தெரியாம அவரு பின்னாலயே வந்தீங்களாமே.” தவமலர் குரலைத் தாழ்த்தினாள். “கூப்பிட்டா ஆம்பளைக்கு வெக்கமா இருக்கும்னு, முக்குக்கு முக்கு நின்னு, நீங்க வந்து சேர்றீங்களான்னு பாத்துப் பாத்து நடந்தாராம்.”