வாய்க்காலில் பச்சை

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

மிச்சமிருந்த சாயக் கரைசலை அலுவலகக் கழிப்பறையில் ஊற்றிவிட்டேன். மூடி போட்டு அலமாரியில் வைக்க வேண்டும் என்பது விதி. களைப்பு. ஊற்றிவிட்டேன்.

கை கழுவிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தேன்.

வாய்க்கால் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நம்பவில்லை. வெயில் கண்ணைக் கூச வைக்கிறது என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பச்சைதான். வாழைக் குருத்தின் பச்சை. சிறுபாலத்தின் அடியில் நுழைந்து, குளத்துக்குள் இறங்கி, அங்கே விரிந்துகொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை.

இதைத்தான் மூன்று வாரமாகத் தேடுகிறேன்.

குளத்துச் சீரமைப்பு முக்கால்வாசி முடிந்துவிட்டது. கரை உயர்ந்திருக்கிறது. நடைபாதை வந்திருக்கிறது. ஆகாயத் தாமரை போய்விட்டது. இந்த வாய்க்கால் மட்டும் அடங்கவில்லை. மழைநீர் மட்டுமே வர வேண்டிய வாய்க்கால். மழையில்லாத நாளிலும் கழிவுநீர் வருகிறது.

பட்டறை வீதியில் ஏதோ ஒரு வீடு திருட்டுத்தனமாகக் குழாய் சேர்த்திருக்கிறது என்று இன்ஜினீயர் மனோகரன் சார் உறுதியாகச் சொன்னார். நானும் நம்பினேன். வீடு வீடாகப் போய்க் கழிப்பறையில் சாயம் ஊற்றிவிட்டு, வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. சாயம் வந்தால் அந்த வீடு.

எந்த வீட்டுச் சாயமும் வரவில்லை.

என் மேல்தான் எனக்குச் சந்தேகம். பொடி குறைந்ததோ. பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் அசந்தேனோ. சில வீடுகளில் மறுபடியும் ஊற்றினேன். துளசிமணி அக்கா வீட்டில் மூன்றாம் முறையும். வாய்க்காலை ஒட்டியே அவர் வீடு. சாருக்கு முதல் சந்தேகம் அவர்மேல்.

"மார்கழிக்குக் கொஞ்சம் மிச்சம் வெய்யி அம்மிணி, கோலப் பொடிய," என்று இன்று காலையும் அக்கா கேலி செய்தார்.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. நேற்றே சார் முடிவைச் சொல்லிவிட்டிருந்தார். நாளைக் காலை வாய்க்காலின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைப்பது. குளம் சுத்தமாகும். அடுத்த மழைக்கு வீதித் தண்ணீர் போக வழியிருக்காது. அக்கா வீட்டு அடுப்படிக்குத்தான் முதலில் வரும். அது சாருக்கும் தெரியும்.

"திருட்டுத்தனம் பண்ணுனவங்களே அனுபவிக்கட்டும்" என்றார்.

ஓடினேன். தண்ணீரை எதிர்த்து, வாய்க்கால் ஓரமாக, பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தபடி.

வீதிவரை போகத் தேவையிருக்கவில்லை.

பாதி வழியில், எருக்கஞ்செடிகளுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய். பச்சை அதிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, வீதிப் பக்கமிருந்து வந்த தண்ணீரில் நிறமில்லை.

குழாய் போகும் திசையில் நிமிர்ந்து பார்த்தேன்.

நீலத் தகரக் கூரை.

எங்கள் அலுவலகம்.

அதன் கழிப்பறைத் தொட்டியை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த லாரியை யாரும் பார்த்ததில்லை. தொட்டியே இல்லை போலிருக்கிறது. அலுவலகத்தை ஒட்டிய ஷெட்டில் தங்கியிருக்கும் அத்தனை வேலையாட்களுக்கும் அதே கழிப்பறை.

ஊரெல்லாம் ஊற்றினேன். இங்கே ஊற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. நல்ல வாய்க்கால் இது. அடைக்க வேண்டாம். ஒரு குழாயை வெட்டினால் போதும். மழை வரட்டும். வீதியில் விழும் ஒவ்வொரு சொட்டும் குளத்துக்குப் போகும்.

பிறகுதான் அது தோன்றியது.

சாரிடம் யார் சொல்வது?

என் வேலை மாதாமாதம் அவர் கையெழுத்தில் நீள்கிறது. நான் படிக்கும் மாலை வகுப்பு அந்தச் சம்பளத்தில் நடக்கிறது. பச்சையோ மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. சும்மா நின்றால் போதும், அதுவே போய்விடும்.

திரும்பினேன். துளசிமணி அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் வீதிப் பெண்கள் நாலைந்து பேர். நான் ஓடியதைப் பார்த்து வந்திருக்கிறார்கள். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்கள்.

"ஆரூட்டுது அம்மிணி?"

அக்காவின் குரல் உள்ளே போயிருந்தது. தன் வீடோ என்ற பயம். மற்றவர்கள் முகத்திலும் அதே பயம்.

"எங்களதுதாங்க்கா."

யாருக்கும் புரியவில்லை. குழாயைக் காட்டினேன். கூரையைக் காட்டினேன்.

அக்கா கூரையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார்.

"எங்கூட்டுக் கக்கூசுல மூணு வாட்டி. உங்கூட்டுதுல ஒரு வாட்டி ஊத்திப் பாக்க முடியலையா சாமி?"

எல்லோரும் சிரித்தோம். ஒருத்தி வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்புக்குப் போனேன். எதுவும் ஏறவில்லை. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஒரு முறை வந்ததை வைத்துச் சொல்ல முடியாது. அதுவும் தவறுதலாக வந்தது. பச்சை என்றால், வீதியில் ஊற்றிய பழைய சாயம் இப்போதுதான் வருகிறது என்பார் சார். சொல்லத்தான் செய்வார். அலமாரியில் சிவப்புப் பொடி ஒரு பொட்டலம் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

நாளை: கான்கிரீட் வண்டி ஏழு மணிக்கு. அதற்கு முன் சாரைச் சிறுபாலத்தில் நிற்கச் சொல்ல வேண்டும். அலுவலகக் கழிப்பறையில் சிவப்பு ஊற்ற வேண்டும்.