இறங்காத விண்கலம்

“வேகத்தைக் குறைச்சாதான் விண்கலம் பூமிக்கு இறங்கும்னு எத்தனை தடவை சொல்றது? மறுபடியும் கூட்டிட்டியே! எரிபொருள் மொத்தமும் போச்சு!”

கம்ப்யூட்டர் விளையாட்டில் மகள் மூன்றாவது முறையாகக் கோட்டை விட்டதும் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. எஞ்சினை எப்போது, எந்தப் பக்கம் இயக்க வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டே கொடுத்திருந்தார்.

“உன் மண்டையில எதுவுமே ஏறாதா?”

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஆறு மணி ஆயிடுச்சு.”

அப்பா எழுந்து செருப்பை மாட்டினார். வாரம் ஒருமுறை மகளைப் பார்க்க கோர்ட் அனுமதித்த இரண்டு மணி நேரம் முடிந்திருந்தது.

“வேணும்னேதான் கூட்டினேன்பா. இறங்கிட்டா விளையாட்டு முடிஞ்சிடும். அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்களா?”

திட்டித் தீர்த்த நேரத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லாமல் வாசலிலேயே நின்றார் அப்பா.