ஏமாற்றிய நிழல்

"இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட மறைக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

ஸ்கேன் பிரிவுக்கு வெளியே, ஜில்லென்றிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து மனைவி கேட்டாள். பக்கத்தில் இருந்த கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

புராஸ்டேட்டில் ஏதோ கறுப்பு நிழல், கேன்சராக இருக்கலாம் என்று சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. முடிவு வந்துவிட்டதென்று நர்ஸ் வீட்டு நம்பருக்கு போன் செய்ததால்தான் அவளுக்கே தெரிந்தது.

கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவள். லேசில் அழுகிறவள் இல்லை. அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுது தீர்த்தாள்.

முதுகு ஆபரேஷன் ஆனதிலிருந்து ஐந்தாறு வருடமாக அவளுக்குத் தனி அறை, தனிக் கட்டில். ஒரே வீட்டில் அடுத்தடுத்த ரூமில் தங்கியிருக்கும் வாடகைக்காரர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள். போன் வந்த பிறகு அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று அறை வாசலில் வந்து வந்து நின்றாள். நான் தாங்கமாட்டேன்னுதானே மறைச்சிருக்காரு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீ இங்கயே இரு. நான் கேட்டுட்டு வந்துடறேன்."

"சும்மா இருங்க. நல்லதோ கெட்டதோ, நானும் கூட இருந்தே கேட்டுக்கறேன்."

டாக்டர் சின்ன வயதுப் பெண். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "சார், வயித்துல பாலை வார்க்கிற சேதிதான். கேன்சர் இல்ல!"

மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அந்த நிழல், டாக்டர்?"

"கிருமித் தொற்றும்மா. அந்த வீக்கம் ஸ்கேன்ல அச்சு அசல் கேன்சர் மாதிரியே தெரியும். இப்படி எங்களை ஏமாத்துற படங்களைத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்த்துட்டு இருக்கோம்."

சொல்லிக்கொண்டே இரண்டு மாத்திரை அட்டைகளை மேஜைமேல் வைத்தாள். "ஒண்ணு சாருக்கு. ஒண்ணு உங்களுக்கு."

"எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"இது தாம்பத்தியத்துல ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிறதும்மா. பொம்பளைங்களுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ளுக்குள்ளயே இருந்து கருப்பை வரைக்கும் கெடுத்துடும். ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிட்டாத்தான் முழுசாப் போகும்."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கேன்சர் பயத்தில்கூட வியர்க்காத நெற்றி இப்போது முத்து முத்தாக வியர்த்திருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடித்திருந்த கையை அவள் மெல்ல விட்டாள். தன் பக்கம் இருந்த மாத்திரை அட்டையை ஒரு விரலால் நகர்த்தினாள்.

"இதையும் அவர்கிட்டயே குடுத்துடுங்க டாக்டர். யாருக்குப் போய்ச் சேரணும்னு அவருக்குத்தான் தெரியும்."