ஆறு மணிக்கே

"இன்னிக்கும் ஆறு மணிக்கே வந்துட்டியா?"

கணவன் கேட்ட தோரணையில் சந்தோஷம் இல்லை. மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"வேலை முடிஞ்சுது, வந்துட்டேன்."

அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. தலைமை அலுவலகத்து சர்வரிலிருந்து தினமும் இருநூறு ஸ்கேன் படங்களை இறக்கி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். ஒன்று இறங்கி முடிந்தால்தான் அடுத்தது. போன வாரம் வரை வீடு வந்து சேர ஒன்பது ஆகும்.

"எப்படித் திடீர்னு?"

"ஒருத்தர் பைத்தான்ல எழுதின புரோகிராம் கெடச்சுது. ஒண்ணு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்காது. பத்துப் படத்த ஒரே நேரத்துல கேட்கும், எது முதல்ல வருதோ அத வாங்கி வெச்சுக்கும். பதினஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது."

"யாரு அந்த ஒருத்தர்?"

"கெட்டிக்காரர்" என்றாள். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. அவனுக்கு வயிறு எரிந்தது.

அவனும் சாஃப்ட்வேர் கம்பெனியில்தான் இருக்கிறான். அவனுக்குக் கீழே முப்பது பேர். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியாளிடம் போவானேன்?

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"மூணு தடவ கேட்டேன். அடுத்த வாரம் பாக்கலாம்னீங்க."

அவள் குளிக்கப் போனதும் அவளுடைய லேப்டாப்பைத் திறந்தான். ஒரு தப்பையாவது கண்டுபிடித்து, 'இதெல்லாம் ஒரு புரோகிராமா' என்று கேட்டால்தான் மனம் ஆறும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தான். தப்பு அகப்படவில்லை. ஒரு படம் பாதியில் நின்றால் அதை மட்டும் மறுபடி கேட்கிறது. மற்றவை தம்பாட்டுக்கு இறங்குகின்றன. சர்வர் திணறாதபடி ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் கேட்பதில்லை. இவ்வளவு சுத்தமாகத் தன்னால் இன்று எழுத முடியாது என்று தோன்றியதும் எரிச்சல் இரண்டு மடங்கானது.

எல்லாம் இறங்கியதும் திரையில் காட்ட ஒரு வரி வேறு வைத்திருந்தான் படுபாவி: 'முடிஞ்சுது. கிளம்பி வா, வாசல்ல நிக்கிறேன்.'

தலை துவட்டிக்கொண்டு வந்தவளிடம் அதைத் திருப்பிக் காட்டினான்.

"வாசல்ல நிக்கிறானா?"

"அப்போ நின்னார். இப்பல்லாம் நிக்கிறதில்ல."

அவன் லேப்டாப்பைப் படக்கென்று மூடினான். "அவன் நம்பரக் கொடு. என் கம்பெனியில வேலை போட்டுத் தரேன். என் கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்."

"வர மாட்டார். புரோகிராம் எழுதறத விட்டுப் பல வருஷமாச்சு. அவருக்கும் இப்போ கீழ முப்பது பேர்."

அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

"காலேஜ் லேப்ல நான் கிளாஸ் வீடியோ இறக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போ, வாசல்ல நின்னு கால் வலிக்குதுன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்க. உங்க பழைய ஹார்ட் டிஸ்க்ல தேடி எடுத்து, சர்வர் முகவரிய மட்டும் மாத்தினேன்."