எட்டு மணி நேரச் சார்ஜ்

“சார்ஜ் தீந்துபோச்சு சம்பந்தி. இனி எட்டு மணி நேரம் கரண்டு குடுத்தாத்தான் வண்டி நகரும்” என்றார் அற்புதமணி.

சொல்லிவிட்டுக் காரின் முன்பக்கத்தைத் துண்டால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மாலை நான்கு மணி. தூத்துக்குடியை அடுத்த ஆத்தூரில் மகள் தேவகனியைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசல். அவளுடைய மாமனார் செல்வதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

பழைய மோரிஸ் மைனர். எஞ்சின் இருந்த இடத்தில், தூத்துக்குடித் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை இழுத்த பேட்டரி வண்டியின் மோட்டார். பின்சீட்டுக்கு அடியில் வரிசையாகப் பேட்டரிகள். துறைமுகத்தில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்ற அற்புதமணி, ஒரு வருஷம் உட்கார்ந்து தானே பொருத்தியது.

பெட்ரோல் விலை ஏறியிருந்த சமயம். அதனால்தான் செய்கிறார் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். கெட்டிக்காரர் என்றார்கள். அவரும் மறுத்துச் சொல்லவில்லை.

பெண்ணைக் கொடுத்த வீட்டில் தகப்பன் காரணமில்லாமல் இரவு தங்குவது அவர்கள் பக்கத்து வழக்கம் இல்லை. சாவு, பிரசவம், பெருமழை என்று ஏதாவது வேண்டும்.

மனைவி காலமான இரண்டு வருஷத்தில் அவர் ஐந்து தடவை ஆத்தூருக்கு வந்திருந்தார். ஐந்து தடவையும், பொழுது சாய்ந்ததும் யாராவது கடிகாரத்தைப் பார்த்துக் கடைசி பஸ்ஸை நினைவுபடுத்தினார்கள். மரியாதையாகத்தான். ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார்கள்.

தூத்துக்குடி வீட்டில் அந்தச் சீப்பு ஒரு ஆளுக்கு அதிகம். பாதி கறுத்துப் போகும்.

காருக்குக் கடைசி பஸ் கிடையாது.

தேவகனி அலமாரியிலிருந்து வெளுத்த தலையணை உறை ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவள் தலையணையை உறைக்குள் திணித்து, இரண்டு தட்டுத் தட்டி, கட்டிலில் வைப்பது ஜன்னல் வழியே அவருக்குத் தெரிந்தது.

ஒரு ராத்திரி. அதற்கு மேல் அவர் ஆசைப்படவில்லை.

செல்வதுரை நல்ல மனிதர். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

“எட்டு மணி நேரமா! இங்கன கரண்டு கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி. எப்ப வரும், எப்ப போவும்னு சொல்ல முடியாது. அதை நம்பி நீங்க ஏன் சீரழியணும்?” என்றவர், தெருமுனையில் நின்ற தன் வாழைத்தார் லாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏலே நயினாரு! தார் ஏத்தினது போதும். தூத்துக்குடிக்கு இந்தக் காரையும் கொண்டு போவணும்.”

உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அற்புதமணி சொல்லிப் பார்த்தார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சிரமமே இல்லை என்று காட்டுவதற்காகச் செல்வதுரை தானே பலகை தூக்க வந்துவிட்டார்.

இரண்டு பலகைகளைச் சாய்த்து, ஆறு பேர் தள்ளினார்கள்.

“மெதுவாலே, மெதுவா. காருக்கு ஒரு டிக்கெட்டு, அண்ணாச்சிக்கு ஒரு டிக்கெட்டு” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அற்புதமணியும் சிரித்தார்.

பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும் என்றார் லாரி ஓட்டும் நயினார். அதனால் அற்புதமணியே காருக்குள் ஏறி உட்கார்ந்தார். காரைப் பின்புறமாக ஏற்றியிருந்தார்கள். அவருக்கு முதுகுப்பக்கம் வாழைத்தார்கள். முகத்துக்கு நேரே மகள் வீடு.

தேவகனி வாசலுக்கு வந்தாள். தலையணை உறையைக் கழற்றிவிட்டிருந்தாள். கை அதை நான்காக மடித்துக்கொண்டிருந்தது.

“போய்ச் சேந்ததும் லெட்டர் போடுங்கப்பா.”

லாரி கிளம்பியது. ஆற்றுப் பாலம், பனைகள், உப்பளம் எல்லாம் அவரைக் கடந்து போன பிறகே அவர் கண்ணில் பட்டன.

தூத்துக்குடிக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. உப்புக் கிட்டங்கி ஒன்றின் மேடையோடு லாரியை ஒட்டி நிறுத்தி, அங்கே நின்ற நாலு பேரைக் கூப்பிட்டுக் காரை உருட்டி இறக்கி, தெருவில் கொண்டுவந்து விட்டார் நயினார். அற்புதமணியின் வீடு ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

“இன்னும் கொஞ்சம் ஆளக் கூட்டியாரேன் அண்ணாச்சி. பாலத்து மேட்டுல தள்ளணும்லா?”

“வேண்டாம், நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

சரி என்று சொல்லிவிட்டு நயினார் போகாமல் நின்றார். வயதான மனிதரை நடுத்தெருவில் விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. எடுத்து வைத்த பலகையை மறுபடி எடுத்து வைத்தார்.

அற்புதமணி மடியில் கைகளை வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார். லாரி போகட்டும் என்றுதான் காத்திருந்தார். லாரி போகவில்லை. நயினார் ஆள் தேடி அக்கம்பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

வேறு வழியில்லாமல் அற்புதமணி சாவியைத் திருப்பினார்.

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. ஆத்தூரில் ஆறு பேர் மூச்சு வாங்கத் தள்ளிய கார், பாலத்து மேட்டில் ஒரே சீராக ஏறியது.

நயினார் பலகையும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

பலகையைக் கீழே போட்டுவிட்டுப் பாலத்தைப் பார்த்து ஓடினார்.

“அண்ணாச்சி! அடுத்த தடவ ஆத்தூருக்கு வாரதுக்கு முந்தி எனக்கு ஒரு கார்டு போடுங்க. அன்னைக்கு லாரி ரிப்பேரு!”

உரக்கத்தான் சொன்னார். ஆனால் கார் அதற்குள் பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கிப் போயிருந்தது.