மஞ்சள் வரிகள்

"அவ எழுதினது எல்லாம் காணாமப் போயிடுச்சும்மா!"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகப் பெரியவர் பதறினார். நேற்றுதான் அவருக்குப் புதுக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்திருந்த கடைக்காரப் பெண், பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கறுப்பில் ஒரு வரி, கீழே வெற்றிடம். மறுபடி ஒரு வரி, மறுபடி வெற்றிடம்.

"யார் எழுதினது, சார்?"

"என் வீட்டுக்காரி. தொண்டை ஆபரேஷன்ல குரல் போயிடுச்சு. எதுவா இருந்தாலும் இதுலதான் தட்டுவா."

"நீங்க வாயாலேயே பதில் சொல்லலாமே?"

"வாய்ச்சண்டைன்னா நான் சுலபமா ஜெயிச்சிடுவேனாம். அதனால நானும் தட்டணும்னு உத்தரவு."

சிரித்தபடி அவள் வெற்றிடத்தின் மேல் மவுஸை இழுத்தாள். எழுத்துகள் எட்டிப் பார்த்தன: 'குளிருது, ஃபேனை நிறுத்துங்க.'

"எங்கேயும் போகலை சார். பழைய மெஷின்ல பின்னணி கறுப்பு. அதுல அம்மாவோட வெளிர்மஞ்சள் பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். இங்கே வெள்ளை. உங்க வரிக்கு நிறம் எதுவும் எடுக்கலை, அதனால அது தானாவே கறுப்பா மாறிக்கிச்சு; அம்மாவோடது மாறலை. பால்ல வெண்ணெயைத் தேடற கதைதான். எழுத்து என்ன நிறம்கறதைவிட, பின்னணியிலேர்ந்து எவ்வளவு விலகி நிக்குதுங்கறதுதான் விஷயம். கருநீலமா மாத்திடவா?"

"ஐயோ, வேணாம்! மஞ்சள் அவளே எடுத்தது. மாத்தினா வேற யாரோ பேசற மாதிரி ஆயிடும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, மஞ்சளைத் தொட வேணாம். அம்மா வரிக்குப் பின்னாடி மட்டும் கருநீலப் பட்டை போடறேன். எழுத்தைப் பெரிசாக்கி, தடிமனாக்கி, வரிக்கு வரி இடம் விட்டா கண்ணு தடுமாறாது."

வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். 'குழம்புல உப்பு பத்தலை' என்ற வரி வந்ததும், "அதெல்லாம் பத்தும்" என்றார் சத்தமாக.

"இனிமே மஞ்சள்ல எது தட்டினாலும் பட்டையோடவே வரும். அம்மாவை ஒரு தடவை தட்டிப் பார்க்கச் சொல்லுங்க சார்."

"சொல்றேன்மா."

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் கறுப்பில் தட்டிக்கொண்டிருந்தார்: 'இப்ப தெரியுதா?' அங்கிருந்தே படிக்க முடிந்தது.

பிறகு அவர் எழுந்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த மனைவியின் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, மஞ்சளைத் தேர்ந்தெடுத்து, மெல்லத் தட்டினார்: 'நல்லாவே தெரியுது. சாப்பிட வாங்க.'