அலை புகாத பெட்டி

இறந்துபோன மனைவியின் எண்ணிலிருந்து தினமும் மாலை நாலு பத்துக்கு இருதயராஜுக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் மறுமுனையில் பேச்சே இருக்காது.

"நெட்வொர்க் கோளாறா இருக்கும் சார். இன்னைக்கு பெட்டிக்குள்ள வச்சுப் பாப்போம்," என்றாள் தமயந்தி. மின்காந்த அலை புகாத உலோகப் பெட்டிகளைச் சோதிக்கும் கூடத்தில் அவருடன் வேலை பார்ப்பவள்.

போனை உள்ளே வைத்து, இருபத்துநான்கு திருகாணிகளையும் அவரே முடுக்கினார். தமயந்தி அழைத்துப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

நாலு பத்து ஆனது. பெட்டியில் சத்தமில்லை. இருதயராஜ் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போது தமயந்தியின் போன் அதிர்ந்தது. திரையில் அதே எண்.

"அவரு பக்கத்துல இருக்காரா?" ஒரு பெண் குரல் கேட்டது. "ஒரு வருஷமா கூப்பிட்டுப் பேசறேன். அவருக்குக் கேக்கவே மாட்டேங்குது. உங்களுக்குக் கேக்குதாம்மா?"

"கேக்குதுங்க," என்றாள். போனை அவரிடம் நீட்டினாள்.

அவர் வெகுநேரம் காதில் வைத்திருந்தார். "யாரும் பேசலையேம்மா," என்று திருப்பிக் கொடுத்தார்.

வாங்கும்போதே தமயந்திக்குப் போனுக்குள் அந்தப் பெண்ணின் அழுகை கேட்டது.